பிற்பகல் வருகை: ஒன்று

பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆவுடையம்மாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், பத்தாக ஐந்து நிமிடம் காட்டியது, அப்படியென்றால் சரியான நேரம் பத்தாகப் பத்து நிமிடம், அந்தக் கடிகாரம் எப்போதுமே ஐந்து நிமிடம் முந்தித்தான் ஓடும், அவர் வைத்த ஏற்பாடு, பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் பிந்திவிடக் கூடாதென்று வீட்டையே ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்த மனிதர், செத்து ஏழு மாதமாகியும் வீடு இன்னும் அவர் நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆக ஒரு மணி பத்து நிமிடம் இருக்கிறது. போதும். ஒரு நோட்டை எரிக்க எவ்வளவு நேரமாகிவிடும், பழைய தாள், சருகு மாதிரி பற்றிக்கொள்ளும், சாம்பலை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு முகத்தைக் கழுவினால் காரியம் முடிந்தது. மற்றதெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. கட்டிலின் மேல் பழைய வேட்டியை விரித்து வரிசையாகப் பரப்பியிருந்தாள், ஒரு கை ஒடிந்த மூக்குக்கண்ணாடி, சிவப்பு மை உறைந்த பேனா, விசில், முதல் சைக்கிளின் மணி மட்டும், பிறகு அந்த பிஸ்கட் டின், அதில் முப்பது வருஷத்துப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கி வைத்த பம்பரமும் கோலிக்குண்டும் கவண்வாரும், வருஷக் கடைசியில் அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார், கேட்டு வராத பிள்ளைகளுடையதை மட்டும் எறியவும் மனமில்லாமல் வைத்துக்கொள்வார், எழுபத்தேழு வயசுக் கிழவர் சில சாயங்காலங்களில் அந்த டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு இது இன்னார் பம்பரம் என்று தனக்குத்தானே பேர் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்தாவது ஆண்டு. ஐந்தாம் வகுப்பு அறைக்கு அவர் பெயரை, கோமதிநாயகம் சார் பெயரை வைக்கிறார்கள், அங்கே ஒரு கண்ணாடி அலமாரியில் இந்தச் சாமான்களெல்லாம் உட்காரப் போகின்றன. இவற்றைத் தேடும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் பச்சைக்கரைத் துண்டில் சுற்றிக் கிடைத்த வருகைப் பதிவேடும், அதனோடு ஒட்டிக்கொண்டிருந்த அலுமினியத் தட்டும் மட்டும் அந்த வேட்டியில் இல்லை. அவை அவள் மடியில் இருந்தன.

தட்டு கனமில்லை, ஆனால் தொடைக்குமேல் ஜில்லென்று இருந்தது, புடவையைத் தாண்டி அந்தக் குளிர் ஏறுகிறதா இல்லை தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா. சத்துணவுத் தட்டு. அந்தக் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருவார்கள், மாறிப்போகாமலிருக்க ஆணியால் குத்திக் குத்திப் பேரெழுதுவார்கள், என்றோ வகுப்பிலேயே விட்டுப்போன இந்தத் தட்டிலும் புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்து, சீ, அ. சீனியம்மாள். பதினோரு வயசு, ஐந்தாம் வகுப்பு, எண்ணெய் காணாத செம்பட்டை முடி, பேசும்போது ஒரு தோளைத் தூக்கிக்கொள்வாள், ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்தவள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள், செம்பைக் கொடுத்தபோது அவள் விரல்நுனியெல்லாம் கறுத்திருந்தது, இதென்ன மை கொட்டிக்கிட்டியா என்று ஆவுடை கேட்டாள், மையில்ல மருந்து என்று அந்தப் பிள்ளை பெரிய மனுஷி மாதிரி சொன்னது. தீப்பெட்டி ஆபீஸ் மருந்து, தொழிற்சாலையை ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், குச்சி முனையில் தோய்க்கிற மருந்து. கருக்கலில் ஆபீஸ் பஸ் வரும், பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும், வாரத்தில் நாலு நாள் அங்கே, இரண்டு நாள் பள்ளிக்கூடம், அப்படித்தான் பாதி வகுப்பு ஓடியது. தொடர்ந்து வராவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும், அது சட்டம். அந்தப் பிள்ளையின் அம்மா வேலுத்தாய் வந்து அழுதாள், பேர மட்டும் அடிச்சிராதீக சார், இந்த ஒரு வருசம் போகட்டும், அடுத்த வருசம் ஒழுங்கா அனுப்பிருதேன். அவர் அடிக்கவில்லை. வராத நாளிலும் வந்ததாகக் கோடு போட்டார். ஒரு கோடுதானே. யாருக்கு என்ன நட்டம். அவர் நல்ல மனசில் செய்தார், அதை ஆவுடை எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வாள், நல்ல மனசில்தான் செய்தார், ஆனால் நல்ல மனசுக்கு ஒரு வேகம் இருக்கிறதே, அது அடுத்த அடியைப் பார்ப்பதில்லை. ஜூலை பதினெட்டு, காலை பதினொன்றேகாலுக்கு ஆபீஸ் வெடித்தது. இங்கே வாசல் தெளித்த தண்ணீர் அதிர்ந்தது என்று சொன்னார்கள், அவள் சமையலறையில் இருந்தாள், அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதுதான் அவளுக்கு ஞாபகம், அந்தச் சின்னச் சத்தம், அதற்கப்புறம் ஊரே ஓடிய சத்தம். பதினோரு பேர் என்று ஆபீஸ்காரர்கள் கணக்குக் கொடுத்தார்கள். எல்லாம் கரிக்கட்டை, யார் முகத்தை யார் பார்த்தார்கள். வேலுத்தாய் மண்ணில் புரண்டாள், எம் பிள்ளையும் உள்ள இருந்தா, நானே பஸ்ஸுல ஏத்திவிட்டேன் என்று. நாலாம் நாள் விசாரணைக்குத் தாலுகா ஆபீசர் வந்தார், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டார், பார்த்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளை எப்படி ஆபீஸில் சாகும். அவ்வளவுதான். சீனியம்மாள் எங்கேயும் சாகவில்லை. கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள், பிள்ளைபிடிக்கிறவன் கொண்டுபோயிருப்பான் என்றார்கள், பெற்றவளே கண்காணாத இடத்துக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு நாடகமாடுகிறாள் என்றுகூட ஒரு நாக்கு பேசியது. ஆபீஸ் ரோட்டில் கல் நட்டார்கள், அதில் பதினோரு பெயர்களை வெட்டினார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் வேலுத்தாய் பூ வாங்கிக்கொண்டு போய்க் கல்லுக்குப் பத்தடி தள்ளி, வெறும் தரையில் வைத்துவிட்டு வருவாள்.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. அய்யாத்துரையை நினைத்த மாத்திரத்தில் கரண்ட் போகிறது பார், மின்வாரியத்தில் லைன்மேன் அவன், இந்நேரம் எந்தக் கம்பத்திலாவது ஏறியிருக்கக் கூடாதா, வர முடியவில்லை அம்மா அடுத்த வாரம் வருகிறேன் என்று போன் வரக் கூடாதா. வராது. விழாக் கமிட்டிக்கு அவன்தான் தலைவன், லீவு போட்டிருக்கிறான், நேற்று ராத்திரியே சொல்லிவிட்டான், சாமான்களை நானே வந்து எடுத்துக்கிடுதேன், கூட எங்கம்மாவும் வாரேங்கா என்று. சீனியம்மாளின் தம்பி. வேலுத்தாயின் மகன். ஆவுடை அப்போதே, எதுக்குய்யா இந்த வெயிலில் அவளை அலைக்கழிக்கிறாய் என்றாள், சாருக்கு எங்கம்மா செய்யிற மரியாதம்மா, விடுங்க என்று சிரித்தான். பாடை தூக்கியவன். மகன் நெல்லையப்பன் ஓசூரிலிருந்து வந்து சேர்கிறவரை ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், பெற்ற பிள்ளைக்கு முன்னால் அழுதவன், எனக்கு ரெண்டு அப்பா, ஒண்ணு போயிருச்சு என்று சொன்னவன். அவனை ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறக்கியவர் அவர்தான். அதுதான் ஊரறிந்த கதையாயிற்றே, அந்த வெடிக்குப் பிறகு கோமதிநாயகம் சார் ஆள் மாறிப்போனார், நாலரை மணிக்கெல்லாம் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸுக்குக் குறுக்கே போட்டார், இதும்மேல ஏத்திட்டுப் போ பார்க்கலாம் என்றார், டிரைவர் ஏசினான், ஒருநாள் பஸ்ஸால் சைக்கிளை அடித்தும்விட்டான், அந்தச் சைக்கிளில் மிஞ்சியதுதான் இந்த மணி, மறுநாளும் அதே இடத்தில் நின்றார், மழையிலும் நின்றார், ஆறு வருஷம், கடைசியில் பஸ் இந்த ஊருக்கு வருவதையே விட்டது. பஸ் மறித்த வாத்தியார். அதற்குத்தான் அறைக்குப் பேர், அதற்குத்தான் அலமாரி. பேசுகிற ஒவ்வொருவரும் சொல்வார்கள், பதினோரு சாவைப் பார்த்து மனம் கலங்கி அன்று முதல் அவர் இப்படி ஆனார் என்று. பதினொன்று இல்லை. பன்னிரண்டாவதைப் பார்த்துத்தான் அப்படி ஆனார், அது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும், இந்தப் பதிவேடு அலமாரிக்குப் போனால், வாரம் நாலு நாள் ஆபீஸில் இருந்த பிள்ளைக்குத் தினமும் வருகைக் கோடு இருப்பது எல்லாருக்கும் தெரியும், அய்யாத்துரை என்ன செய்வான், கத்துவானா, கத்தினால்கூடத் தேவலை, ஒன்றும் பேசாமல் அந்த வேட்டியை நாலு முனையும் பிடித்துத் தூக்கித் தெருவில் கொட்டிவிட்டுப் போவானா. எம் பிள்ளைய தொலைச்ச கோட்டப் போட்ட மனுசனுக்கா நான் வாய்க்கரிசி போட்டேன் என்று வேலுத்தாய் கேட்டால். அந்தக் கிழவி கேட்பாள். கேட்க வேண்டும்.

எழுந்தாள், முழங்கால் பிடித்தது, சுவரில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றாள். பிள்ளைகளுக்கு டீ போட வேண்டும், பாலை அடுப்பில் வைக்க வேண்டும், பாலையும் வைக்கலாம், இதையும் வைக்கலாம். அவர் மட்டும் இதை அன்றைக்கே தொலைத்திருந்தால். கரையான் தின்னுட்டு என்றார், பதிவேடு என்னாயிற்று என்று ஒரு வருஷம் கழித்துத் துணிந்து கேட்டபோது, சட்டையைக் கழற்றிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல், கரையான் தின்னுட்டு. நம்பினாள். முப்பத்துநாலு வருஷம் அவள் படுத்த கட்டிலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது, அந்தப் பெட்டிமேல் அவள் கோதுமையும் பழைய போர்வையும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறாள், பெட்டிச் சாவியைக்கூட அவர் ஒளித்து வைத்ததில்லை, திறந்து பார்க்க அவளுக்குத்தான் தோன்றவில்லை. தோன்றவில்லையா, பயமா. ஆபீசர் வந்துபோன அன்று சாயங்காலம் அவர் சட்டையை மாட்டினார். எங்க என்றாள். தாலுகா ஆபீசுக்கு, அந்த ஆபீசர் இன்னும் கெளம்பியிருக்க மாட்டார், போய்ச் சொல்லிருதேன் என்றார், அந்தப் பிள்ள வரல, நாந்தான் கோடு போட்டேன்னு சொல்லிருதேன். சொன்னால் வேலை போகும். பொய் வருகை போட்டதற்குக் கேஸ்கூட வரும், ஆபீஸ்காரன் சும்மா விடுவானா, ஜெயிலுக்குப் போவார், அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு, மகனுக்கு ஆறு, காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தான். அவள் கத்தவில்லை, அழவில்லை, அவ்வளவு நிதானமாக இருந்தாள். அவர் வலதுகையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மகன் தலையில் வைத்து அழுத்தினாள். காய்ச்சல் சூடு அவர் கையைத் தாண்டி அவள் கைக்கு வந்தது. வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க. செத்த பிள்ள திரும்பி வராது, இருக்கிற பிள்ள தலையில கை வச்சுச் சொல்லுங்க. அவர் அவளைப் பார்த்தார். வாயத் தொறக்க மாட்டேன் என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவராக அதைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, கோபமாகவும் இல்லை, தோசைக்கு உப்புப் போதவில்லை என்றால் சொல்வார், சினிமாவுக்குக்கூடக் கூட்டிப்போனார், ஆனால் நெல்லையப்பன் தலையை அவர் அதற்கப்புறம் தடவிக்கொடுத்து அவள் பார்த்ததில்லை. அவன் கல்யாணத்தில் காலில் விழுந்தபோது தோளைத் தொட்டு எழுப்பினார்.

கேஸ் லைட்டர் தீப்பொறி விடவில்லை, நாலைந்து தடவை அமுக்கியும் க்ளிக் க்ளிக் என்றதே தவிரப் பற்றவில்லை, சனியன், இப்போதா. தீப்பெட்டியைத் தேடி எடுத்தாள். எடுத்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மருந்து. குச்சி குச்சியாகச் சட்டத்தில் அடுக்கி, கறுத்த விரல், மையில்ல மருந்து. ஒரு குச்சியைக் கிழித்தாள், நமத்துப்போயிருந்தது, இன்னொன்று கிழித்தாள், பற்றியது, அடுப்பு நீலமாக எரிந்தது, பாலை ஏற்றிவிட்டுப் பதிவேட்டைத் துண்டிலிருந்து உருவினாள். ஒரு தடவை பார்த்துவிட்டு வைக்கலாம் என்று ஏன் தோன்றியதோ. பார்க்காமல் வைத்திருந்தால் முடிந்திருக்கும். எதுவோ செருகியிருந்த இடத்தில் அதுவாகவே திறந்துகொண்டது, செருகியிருந்தது ஒரு தீப்பெட்டி லேபிள், கீழே ஜூலை மாதம். அவளுக்குப் பதிவேடு புதிதில்லை, மாசக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவருவார், அவர் வாசிக்க அவள் கூட்டல் போடுவாள், காலையில் வந்தால் வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகும் இருந்தால் அதன்மேல் குறுக்கே இன்னொரு கோடு, இரண்டும் சேர்ந்து ஒரு பெருக்கல் குறி, முழுநாள் வருகை. அந்த ஜூலைக்கு மட்டும் அவளைக் கூப்பிடவில்லை. சீனியம்மாளின் வரிசையைத் தேடினாள், இருபத்தாறாவது பேர், விரலை ஓட்டினாள், பதினெட்டாம் தேதி, இருக்கிறது, பெருக்கல் குறி, முழுநாள் வந்திருக்கிறாள், அந்த ஆபீசர் பார்த்ததும் இதைத்தான், ஊர் பார்த்ததும் இதைத்தான். விரல் அங்கேயே நின்றது. மேலே இருந்த பேருக்குப் பதினெட்டாம் தேதி ஒற்றைக் கோடுதான். கீழே இருந்த பேருக்கும் ஒற்றைக் கோடு. அதற்கும் கீழே. மேலே ஏறினாள், ஒன்றாவது பேரிலிருந்து இறங்கினாள், ஒற்றை, ஒற்றை, ஒற்றை, நடுவில் அங்கங்கே வராதவர்கள், மறுபடியும் ஒற்றை. ஆமாம், ஏன் இருக்காது, பதினொன்றேகாலுக்கு வெடித்தது, பிள்ளைகள் எல்லாரும் ஓடிவிட்டார்கள், அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடமே நடக்கவில்லை. யாருக்கும் மத்தியானக் கோடு கிடையாது. வராத அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் இரண்டு கோட்டையும் காலையிலேயே சேர்த்துப் போட்டுவிடுவார், மத்தியானம் மறந்துபோகுமென்று. அந்த ஆபீசர் அவள் வரிசையை மட்டும்தான் பார்த்தார், பக்கத்து வரிசையைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டாமென்றுகூட இருந்திருக்கலாம். பக்கத்தின் அடியில் நாள்வாரிக் கூட்டல் போடுகிற இரண்டு கட்டம் இருக்கும். அங்கே சிவப்பு மையில், அவருடைய நிதானமான, கரும்பலகைக் கையெழுத்தில் எழுதியிருந்தார், பதினெட்டாம் தேதிக்கு நேராக. முற்பகல் வருகை முப்பத்தொன்று. பிற்பகல் வருகை ஒன்று.

வாயத் தொறக்க மாட்டேன். அதுதானே சத்தியம். எழுத மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, எரிப்பேன் என்றும் சொல்லவில்லை. முப்பத்துநாலு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டத்தைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார், என்றைக்காவது அவளாகத் திறப்பாள் என்றா, பெட்டிச் சாவியை ஒளிக்கக்கூட இல்லையே. ஏங்க, ஒரு தடவை என்னிடம் கேட்டிருந்தால் என்ன, அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கோ ஆவுடை என்று ஒரு வார்த்தை. நான்தான் கேட்டிருக்க வேண்டும். பையனுக்கு வேலை கிடைத்த அன்று, நீங்கள் ரிட்டையரான அன்று, உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த அன்று, எத்தனை நாள் இருந்தது, கேட்கவில்லை, எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது, பஸ் மறித்த வாத்தியார் பெண்டாட்டி. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைத்தாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது, மணி பத்தே முக்கால்தான் ஆகிறது, முந்தி வந்துவிட்டார்கள், அவருடைய பிள்ளைகள்தானே. பதிவேடு இன்னும் அவள் கையில் இருந்தது, மூலையில் ஒரு பொட்டுகூடக் கருகவில்லை.

அய்யாத்துரை அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். கட்டிலைப் பார்த்ததும் அவன் முகம் சின்னப் பிள்ளையாகிவிட்டது, விசிலை எடுத்தான், டின்னைக் குலுக்கிப் பார்த்து இதில் என் கவண்வார் ஒன்று கிடக்கும் என்றான், சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேலுத்தாய் ஒன்றையும் தொடவில்லை, சாரின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆவுடையம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். டீ கொண்டாரேன் என்று சொல்லி உள்ளே போய்விடலாம், உள்ளே போனால் திரும்ப இந்தத் தைரியம் வராது. பதிவேட்டை அவனிடம் நீட்டினாள்.

“இருவத்தாறாவது பேரு பாரு. பதினெட்டாம் தேதி. அது மட்டுமில்ல, மேலயும் கீழயும் பாரு.”

அவன் பார்த்தான். விரல் அவள் விரல் போன வழியிலேயே போனது, மேலே ஏறியது, இறங்கியது, அடிக்கட்டத்துக்கு வந்து நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பை எடுத்து வைக்க மறந்து அவன் அப்படியே நின்றான். அவள் சொல்லிவிட்டாள், எல்லாவற்றையும், மகன் காய்ச்சலை, அவர் மாட்டிய சட்டையை, கையை வைத்து அழுத்தியதை. “அவுக சொல்லத்தான் கெளம்புனாக. நாந்தான் வாயக் கட்டுனேன். ஏசணும்னா என்னைய ஏசுய்யா.”

அவள் தட்டை எடுத்து வேலுத்தாயின் மடியில் வைத்தாள். கிழவி அதைத் திருப்பினாள், எழுத்துத் தெரியாதவள், பெருவிரலால் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

“என்னடா எழுதியிருக்கு அந்த நோட்டுல?” என்று மகனைக் கேட்டாள்.

ஆவுடையம்மாள்தான் சொல்ல வேண்டியிருந்தது. “ஒம் மக அன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வரலன்னு எழுதியிருக்கு, வேலுத்தாயி.”

வேலுத்தாய் சாரின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, வேறெதுவுமா, ஆவுடைக்குப் பிடிபடவில்லை. “அத நாந்தான அன்னைக்கே சொன்னேன்” என்றாள். “நாந்தான பஸ்ஸுல ஏத்திவிட்டேன்.” பிறகு தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைக்காரனிடம் ஒரு சாமானைக் கேட்பதுபோல, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்: “அந்தக் கல்லுல பேரு வெட்டுறதுக்கு இந்தத் தாளு போதுமா, வாத்தியாரம்மா?”

“போதும். போதாதுன்னா நான் வந்து சொல்லுதேன்.”

அய்யாத்துரை பதிவேட்டை மூடினான். வேட்டியில் பரப்பியிருந்த எதையும் எடுக்கவில்லை. அம்மாவை எழுப்பி நிறுத்திவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: “அப்ப வந்து வண்டியில ஏறுங்க. தாலுகா ஆபீசு ஒரு மணி வரைக்கும் இருக்கும்.”

ஆவுடையம்மாள் கதவைப் பூட்டிக்கொண்டு போய் வேனில் ஏறினாள்.